கேட்கும் நிரல் முதலில், மாற்றும் நிரல் பிறகு

சிஸ்கோ சுவிட்ச் ஒன்றின் டிரங்க் போர்ட்டில் விலான் 50ஐச் சேர்க்க வேண்டும். 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் ஆட் 50' என்று அடிக்க வேண்டிய இடத்தில், தூக்கக் கலக்கத்தில் 'ஆட்' விட்டுப்போனால் என்ன ஆகும் என்று இந்த நூலைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்ச் மறுபேச்சுப் பேசாது. ஏற்கெனவே அனுமதித்திருந்த விலான்களை எல்லாம் தூக்கிவிட்டு 50ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தக் கிளை அலுவலகத்தில் தொலைபேசி போகும், பிரின்டர் போகும், நீங்கள் உள்ளே நுழைந்திருந்த மேலாண்மை விலானும் சேர்ந்தே போகும். பிறகு யாராவது கன்சோல் கேபிளோடு ஓட வேண்டும்.

மூன்று மாதம் பைத்தான் படித்துவிட்டு நேராக வருகிறவருக்கு இது தெரியாது. அவர் எழுதும் நிரல் பார்க்க அழகாக இருக்கும். நானூறு சுவிட்சுகளில் சில நிமிடங்களுக்குள் அதே தவற்றைச் செய்துவிட்டு, எல்லாம் சரி என்று பச்சை எழுத்தில் காட்டும். கட்டளையைச் சுவிட்ச் ஏற்றுக்கொண்டதே, பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லையே! நெட்வொர்க் இன்ஜினியர் வேலையிலிருந்து நெட்வொர்க் ஆட்டோமேஷனுக்கு நகர நினைக்கிறவர் தன் கையிருப்பு என்ன என்பதை இங்கிருந்துதான் கணக்குப் போட வேண்டும். நிரல் எழுதுவதை உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். எது எங்கே எப்படி உடையும் என்ற அறிவு வருஷக்கணக்கில் சேஞ்ச் விண்டோக்களில் விழித்திருந்து வருவது. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

அதை நிரலாக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. சாதனங்களைக் கேள்வி கேட்டு விடைகளைத் தொகுக்கும் நிரல் முதலில். கான்ஃபிகை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிரல் அடுத்து. சாதனத்தில் கைவைக்கும் நிரல் கடைசியில். பயிற்சி வீடியோக்களில் பல இதைத் தலைகீழாக ஆரம்பிக்கின்றன. இரண்டாம் பாடத்திலேயே பத்து ரவுட்டர்களில் லூப்பேக் உருவாக்கச் சொல்கின்றன. பார்க்க ஜோராக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அதற்கு உங்கள் மேலாளர் அனுமதி தரமாட்டார், தரவும் கூடாது.

எவ்வளவு பைத்தான் போதும்

"காலேஜோட கோடிங்கை விட்டுட்டேன் சார், இனிமே வருமா?" என்று கேட்கிறவர்கள் அதிகம். வைல்டுகார்டு மாஸ்க்கை மனக்கணக்காகப் போடுகிறவருக்குப் பைத்தான் வரும். சரம், பட்டியல், டிக்‌ஷனரி, லூப், ஃபங்ஷன், கோப்பைத் திறந்து படிப்பது, பிழை வந்தால் பிடிப்பது: தொடங்க இவ்வளவு போதும். கிளாஸ், டெகரேட்டர் போன்றவை தேவைப்படும் நாளில் வரட்டும். மென்பொருள் நிறுவன நேர்காணலுக்காகத் தயார் செய்கிறவர்கள் போடும் அல்காரிதம் புதிர்களில் மாதக்கணக்கில் மூழ்காதீர்கள். டிக்‌ஷனரிக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு டிக்‌ஷனரி என்று அடுக்கிவரும் தரவிலிருந்து வேண்டிய ஒரு மதிப்பைத் தடுமாறாமல் எடுக்கும் பழக்கத்துக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். எந்த ஏபிஐயைக் கேட்டாலும் பதில் அந்த வடிவில்தான் வரும்.

பழைய பாடநூல்களில் ஒரு பொறி இருக்கிறது. நெட்வொர்க் இன்ஜினியர்களுக்கான ஆரம்பப் பாடங்கள் பலவும் பைத்தானோடு கூடவே வந்த 'டெல்நெட்லிப்' தொகுதியில் தொடங்கும். 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13இல் அந்தத் தொகுதி நீக்கப்பட்டுவிட்டது. முதல் பாடமே ஓடாதபோது பலர் தங்களுக்குத்தான் வரவில்லை என்று நினைத்து மூடிவைக்கிறார்கள். எஸ்எஸ்எச் வழியாகப் பேசும் நெட்மிகோவில் தொடங்குங்கள். கிர்க் பையர்ஸ் எழுதிய இந்த நூலகம் ஒவ்வொரு நிறுவனத்துச் சாதனமும் எப்படி ப்ராம்ப்ட் காட்டும், நீண்ட வெளியீட்டை எங்கே நிறுத்தி 'மோர்' கேட்கும் என்பதை எல்லாம் தானே சமாளித்துக்கொள்ளும்.

எஸ்எஸ்எச்சில் நுழைந்து திரையில் வருவதைப் பொறுக்கி எடுப்பது 2020களில் செய்யக்கூடிய காரியமா என்று ஒரு புதுமோகக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். இணையத்தின் கட்டமைப்பை மேற்பார்க்கும் ஐஏபி 2002இல் நெட்வொர்க் நடத்துபவர்களையும் நெறிமுறை வகுப்பவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. அங்கே பேசியது 2003இல் ஆர்எஃப்சி 3535 ஆக வந்தது. எஸ்என்எம்பி கண்காணிக்க உதவுகிறது, கான்ஃபிக் செய்ய யாரும் அதை நம்புவதில்லை. நாங்கள் அமைத்தது எது, சாதனத்தின் நடப்பு நிலை எது என்று பிரித்துத் தாருங்கள் என்பது நடத்துபவர்கள் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது. அதன் வழியில் 2006இல் நெட்கான்ஃப் தரமும் 2010இல் யாங் மொழியும் வந்தன. இரண்டையும் கற்க வேண்டும். புதிய சாதனங்களில் அவைதான் ஒழுங்கான பாதை. ஆனால் கிளை அலுவலக ரேக்கில் தூசி படிந்து நிற்கும் பழைய சுவிட்சுக்கு நெட்கான்ஃப் தெரியாது. அதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கேட்கும் நிரல்

முதல் நிரலுக்கு நான் பரிந்துரைப்பது என்டிபி தணிக்கை. ஒவ்வொரு சாதனத்திலும் எந்த நேர சர்வர் அமைக்கப்பட்டிருக்கிறது, அதோடு உண்மையில் ஒத்திசைந்திருக்கிறதா என்று கேட்டு, மாறுபடுபவற்றை ஓர் எக்செல் தாளில் கொட்டும் நிரல். யாரையும் பயமுறுத்தாது. பிழையில்லாத நெட்வொர்க் அரிது என்பதால் ஏதாவது அகப்படும். லாகுகளின் நேரம் பொருந்தாமல் ஆர்சிஏ எழுதத் திணறிய குழு இருந்தால், அடுத்த நாளே உங்கள் மேசைக்கு வந்து இன்னொரு ரிப்போர்ட் கேட்கும்.

வெளியீட்டை வரிவரியாக வெட்டி எடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கூகுள் வெளியிட்ட டெக்ஸ்ட்எஃப்எஸ்எம் இருக்கிறது. அதற்காக 'ஷோ' கட்டளைகள் பலவற்றுக்கு வார்ப்புருக்களை எழுதி 'என்டிசி டெம்ப்ளேட்ஸ்' என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறார்கள். நெட்மிகோவில் ஓர் அளபுருவைச் சேர்த்தால் போதும், 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்' டிக்‌ஷனரிகளின் பட்டியலாக வந்து விழும்.

படிக்க மட்டும் செய்யும் நிரல் என்பதால் அசட்டையாக இருக்க முடியாது. பல ரவுட்டர்களில் விடிஒய் லைன்கள் 0 முதல் 4 வரை, மொத்தம் ஐந்துதான் அமைத்திருப்பார்கள். நிரல் இணைப்பை மூடாமல் விட்டுக்கொண்டே போனால், நிஜமான கோளாறு வரும் நேரத்தில் ஷிஃப்டில் இருப்பவரால் உள்ளே நுழைய முடியாது. ஐம்பது திரெட் வைத்து ஒரே நொடியில் லாகின் செய்தால் டாகாக்ஸ் சர்வர் தடுமாறும். கடவுச்சொல் தவறாக இருந்தால் உங்கள் கணக்கே பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதவே கூடாது. ஆரம்பத்தில் ஓடும்போது கேட்டு வாங்குங்கள், பிறகு சூழல் மாறியில், பெரிதானதும் வால்ட் போன்ற பெட்டகத்தில். படிக்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அந்த மின்னஞ்சல் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

சிறுசேரியிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளரின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்கு இன்னொரு முட்டுக்கட்டை. ஜம்ப் சர்வரில் பைத்தான் இருக்காது; போடவும் விடமாட்டார்கள். குறுக்கு வழி தேடாதீர்கள், அது வேலைக்கே உலை வைக்கும். ரான்சிட், ஆக்ஸிடைஸ்டு போன்ற கருவி ஏதாவது தினமும் கான்ஃபிகுகளைப் பிரதி எடுத்துச் சேமித்துக்கொண்டிருக்கும். அந்தக் கோப்புகளைப் பார்க்க அனுமதி வாங்கினால், ஒரு சாதனத்தைக்கூடத் தொடாமல் தணிக்கையை முடிக்கலாம். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் பேட்ஃபிஷ் இருக்கிறது. கான்ஃபிக் கோப்புகளை மட்டும் வைத்து ரவுட்டிங் எப்படி அமையும், இந்த ஏசிஎல் எந்தப் போக்குவரத்தை மறிக்கும் என்று கணித்துச் சொல்லும் திறந்த மூலக் கருவி அது.

ஏஐயிடம் கேட்டால் இந்த நிரல்களை அதுவே எழுதித் தராதா? தரும், ஆரம்ப நிலை நிரலை நன்றாகவே தரும். அதில் எந்த வரி எந்தச் சாதனத்தை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடிகிற அளவு படித்த பிறகே ஓடவிடுங்கள். வாடிக்கையாளரின் கான்ஃபிகை வெளியில் எங்கும் ஒட்டாதீர்கள். டைப் 7 கடவுச்சொல்லை அவிழ்க்க ஒரு நொடி போதும்.

தரவு யாரிடம் இருக்கிறது

முதல் தணிக்கை ஓடியதும் பைத்தானைவிடப் பெரிய தலைவலி ஒன்று தெரியவரும். பட்டியலில் இருக்கும் சாதனங்களில் சில பதிலே தராது. விசாரித்தால் அவை எப்போதோ கழற்றப்பட்டவை. பட்டியலில் இல்லாத சுவிட்ச் ஒன்று பக்கத்துச் சாதனத்தின் சிடிபி வெளியீட்டில் எட்டிப்பார்க்கும். ஒரே இடத்துக்கு மூன்று பெயர் இருக்கும். எக்செல் ஒன்று சொல்லும், கண்காணிப்புக் கருவி ஒன்று சொல்லும், இரண்டும் தவறு என்று ஃபீல்டு ஆள் சொல்வார்.

இந்த வேலையின் நடுமையம் இதுதான் என்பது என் எண்ணம். ஆட்டோமேஷன் திட்டங்கள் முடங்கும் இடமும் பெரும்பாலும் இதுவே. நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்து, அதை மட்டுமே நம்புவது என்று குழு முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கெனப் பரவலாகப் பயன்படும் நெட்பாக்ஸ், டிஜிட்டல்ஓஷனில் வேலை பார்த்த ஜெரமி ஸ்ட்ரெச் உருவாக்கி 2016இல் திறந்த மூலமாக வந்தது. தளம், ரேக், சாதனம், இன்டர்ஃபேஸ், ஐபி, விலான், கேபிள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துப் பதியலாம்; எதையும் ஏபிஐ வழியாகக் கேட்கலாம். இதை நிறுவ ஒரு பிற்பகல் போதும். உள்ளே இருக்கும் தரவை உண்மையாக வைத்திருப்பதுதான் வருஷம் முழுக்க நடக்கும் வேலை, அதில் நிரலைவிட மனிதர்களோடு பேசுவதே அதிகம்.

சிறிய அளவில் தொடங்க யாமல் கோப்பு போதும். அதன் குறும்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்சிபிளும் பைத்தானின் பையாமலும் பின்பற்றும் பழைய விதிப்படி, மேற்கோள் குறி இல்லாமல் 'நோ', 'ஆஃப்' என்று எழுதினால் அது சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படாது. பொய் என்ற பூலியன் மதிப்பாகிவிடும். நார்வே அலுவலகத்தின் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு இப்படிக் காணாமல் போவது பிரசித்தம். 010 என்ற தளக் குறியீடு எண்மக் கணக்கில் 8 ஆகிவிடும். சந்தேகம் வந்தால் மேற்கோள் குறி போடுங்கள்.

தரவு ஓரளவு சீரானதும் ஜின்ஜா வார்ப்புருவோடு இணைத்துக் கான்ஃபிகை உருவாக்குங்கள். இந்தக் கட்டத்தில் நிரல் எழுதித் தரும், மனிதர் படித்துப் பார்த்து வழக்கமான சேஞ்ச் விண்டோவில் கையால் ஒட்டுவார். பலர் இதைக் கேவலமாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நான் மாதக்கணக்கில் இங்கேயே நிற்கச் சொல்வேன். நூறு கிளைகளுக்கு ஒரே வார்ப்புருவிலிருந்து கான்ஃபிக் வரும்போது விதிவிலக்குகள் எல்லாம் வெளியே வரும்: இந்தக் கிளைக்கு மட்டும் ஏன் இந்த ஸ்டாட்டிக் ரூட், அந்த ஏசிஎல்லில் எட்டாவது வரி யாருக்காக. சிலவற்றுக்குக் காரணம் இருக்கும், சிலவற்றைப் போட்டவர் வேலையை விட்டே போயிருப்பார். மாற்றத்தைத் தானியங்கியாக்கும் முன் இவற்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கோப்புகள் கிட்டில் இருக்கட்டும்; யார், எப்போது, எதற்கு மாற்றினார் என்பது அங்கேயே பதிவாகும்.

மாற்றும் நிரல்

ஆன்சிபிள் இந்தியாவின் சேவை நிறுவனங்களில் அதிகம் கேட்கப்படும் பெயர் என்பதால் அதை எடுத்துக்கொள்வோம். அதன் சிஸ்கோ ஐஓஎஸ் தொகுதிகள் பலவற்றில் 'ஸ்டேட்' என்றொரு சொல்லைத் தரலாம். 'மெர்ஜ்டு' என்றால் இருப்பதோடு சேர்க்கும். 'ரீப்ளேஸ்டு' என்றால் நீங்கள் பெயர் சொன்ன இன்டர்ஃபேஸில் இருந்ததை எடுத்துவிட்டு உங்களுடையதை வைக்கும். 'ஓவர்ரிடன்' என்றால் நீங்கள் பெயர் சொல்லாத இன்டர்ஃபேஸ்களின் அமைப்பும் போய்விடும். விட்டுப்போன அந்த 'ஆட்' வேறு உடையில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அதைப் படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுவது டிரங்க் போர்ட்டில் அடிபட்டவருக்குத்தான்.

உங்கள் பழைய பழக்கம் ஒன்று இங்கே எதிராகத் திரும்பும். 'கான்ஃப் டி', 'இன்ட் ஜிஐ 0/1' என்று சுருக்கி அடிப்பது நமக்குக் கௌரவம். ஆன்சிபிளின் ஐஓஎஸ் கான்ஃபிக் தொகுதி நீங்கள் தந்த வரியை ரன்னிங் கான்ஃபிகில் இருக்கும் முழு வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். சுருக்கி எழுதினால் பொருந்தாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் மாற்றம் நடந்ததாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரே நிரலை இரண்டாம் முறை ஓடவிட்டால் எதுவும் மாறக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாத எதையும் நிஜ நெட்வொர்க்கில் விடாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் என்ன மாறும் என்று வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சாதனத்தில் செய்து, பிஜிபி அண்டைகளும் மேக் அட்டவணையும் முன்பு போல இருக்கின்றனவா என்று நிரலே சரிபார்த்து, பிறகு ஐந்து, பிறகு இருபது என்று போகட்டும். எங்காவது பொருந்தாவிட்டால் தானே நிற்க வேண்டும். ஜூனோஸில் 'கமிட் கன்ஃபர்ம்டு' கொடுத்துவிட்டு உறுதி செய்யாமல் விட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைதூர ரவுட்டரில் ஏசிஎல் மாற்றும் முன் 'ரீலோட் இன் 10' அடித்துவைக்கும் நம் மூத்தவர்களின் தந்திரமும் இதே சாதிதான். இப்படிப்பட்ட தற்காப்புகளை நிரலில் எழுதுகிறவருக்கே சந்தையில் மதிப்பு.

பெரியவர்கள் சறுக்கிய கதைகளைப் படித்து வையுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவைக் கணிப்பதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதிலேயே ஒரு பிழை. முதுகெலும்பு போனதும் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன, உள்ளே நுழைந்து சரிசெய்யும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்தன. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் நடந்தது இன்னும் பாடமானது. ஏழு கட்ட மேம்பாட்டின் ஆறாம் கட்டத்தில் ரவுட்டர்களிலிருந்து வடிகட்டி ஒன்றை நீக்கினார்கள். ரூட்டுகள் வெள்ளமாகப் பாய்ந்து கோர் ரவுட்டர்கள் விழுந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பற்றுப் போனார்கள். அந்த மேம்பாடு முதலில் அதிக ஆபத்து என்றே குறிக்கப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததைப் பார்த்து, ஆபத்தை மதிப்பிடும் அல்காரிதம் ஆறாம் கட்டத்தைக் குறைந்த ஆபத்து என்று இறக்கிவிட்டது. ஒப்புதல் விதிகளை நிரலாக எழுதும் நாள் வரும்போது இந்தச் சம்பவத்தின் அறிக்கையை எடுத்து ஒரு முறை படியுங்கள்.

இவை அத்தனையையும் பழக உங்கள் மடிக்கணினி போதும். கன்டெய்னர்லேபில் நோக்கியாவின் எஸ்ஆர் லினக்ஸ், எஃப்ஆர்ஆர் ஆகியவற்றை இலவசமாக ஓட்டலாம். அரிஸ்டாவின் சிஇஓஎஸ் பதிவு செய்தால் கிடைக்கும். 16 ஜிபி நினைவகம் இருந்தால் ஒரு சிறு ஸ்பைன்-லீஃப் நெட்வொர்க் தாராளமாக எழும்பும்.

வேலை மாறும் கட்டம்

சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். 2020இலிருந்து சிசிஎன்ஏ தேர்விலேயே பத்து விழுக்காடு ஆட்டோமேஷன்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த சிஸ்கோவின் டெவ்நெட் சான்றிதழ்கள் 2026 பிப்ரவரியிலிருந்து சிசிஎன்ஏ ஆட்டோமேஷன், சிசிஎன்பி ஆட்டோமேஷன் என்று பெயர் மாறியிருக்கின்றன. ரெஸ்யூமே வடிகட்டலைத் தாண்ட ஒன்று உதவும். இரண்டாவதற்குச் செலவிடும் பணத்தில் நினைவகம் வாங்கி லேபைப் பெரிதாக்கலாம்.

முதல் ஆட்டோமேஷன் வேலையை இப்போதிருக்கும் நிறுவனத்திற்குள்ளேயே தேடுங்கள். சேவை நிறுவனங்களில் மணிக்கணக்குக்குப் பில் போடுவார்கள், டிக்கெட் குறைந்தால் வருமானம் குறையும் என்று நினைக்கும் மேலாளர் உண்டு. அவரிடம் நேரம் மிச்சம் என்று பேசாதீர்கள். எஸ்எல்ஏ மீறல் குறையும், தணிக்கையில் கேள்வி வராது என்று பேசுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் "என்னங்க, நம்ம வேலைக்கே ஆப்பு வைக்கிறீங்களா?" என்பார். அவருக்கு அதிகம் எரிச்சல் தரும் வாராந்தர ரிப்போர்ட்டை முதலில் தானியங்கியாக்கிக் கொடுங்கள். அடுத்த யோசனை அவரிடமிருந்தே வரும்.

வெளியே போகும்போது கிட்ஹப்பில் காட்ட ஏதாவது வேண்டும். அலுவலகத்தில் எழுதியதை அங்கே போடாதீர்கள், அது உங்கள் சொத்து அல்ல என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். வீட்டு லேபில் தனியாக எழுதிய ஒரு திட்டம், அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஒரு பக்கம், போதும். நேர்காணலில் பைத்தான் இலக்கணத்தைவிட இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தயாராகுங்கள்: நூறு சாதனத்தில் மூன்று பதில் தரவில்லை, உங்கள் நிரல் என்ன செய்யும்? பாதியில் மின்சாரம் போனால் எங்கிருந்து தொடரும்? தவறாகப் போனதை எப்படித் திருப்புவீர்கள்? ஷிஃப்ட் பார்த்தவர் இவற்றுக்குச் சம்பவத்தோடு பதில் சொல்வார்.

நீங்களும் கேளுங்கள். சோதனைக்கு லேப் இருக்கிறதா? சாதனப் பட்டியல் யார் பொறுப்பில் இருக்கிறது? எல்லாம் எக்செலில்தான் என்று பதில் வந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. முதல் ஆறு மாதம் தரவைச் சுத்தம் செய்ய நேரம் தருவார்களா, முதல் வாரமே நானூறு சுவிட்சில் மாற்றம் எதிர்பார்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஆட்டோமேஷனுக்குப் போனால் நைட் ஷிஃப்ட் தொலையும் என்று நம்பி மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு நிரல் பாதியில் நின்றால் போன் யாருக்கு வரும், ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர், அதற்குத் தனிப்படி உண்டா என்பதை ஆஃபர் கடிதத்துக்குச் சம்மதம் சொல்லும் முன்பே மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.